செல்வி ஓட்டிய பியட்

ஐப்பசி 9, ஞாயிறு இரவு

மூன்று வருடமாக நான் பிரித்துப் பூட்டிய பழைய பியட் காரில் ஏறவே மாட்டேன் என்றிருந்த என் மனைவி செல்வி, இன்றுதான் முதல்முறையாக என்னோடு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாள். பால்கோவா கடை முன்னால் கார் நின்றுவிட்டது. எத்தனை முறை சாவியைத் திருகியும் எஞ்சின் பிடிக்கவில்லை. பழைய இரும்புக்குப் போடச் சொல்வாள் என்று பயந்தேன். அவளோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"நீங்க உள்ளயே இருங்க, நான் தள்ளுறேன்."

பத்தடி தள்ளியதும் எஞ்சின் உறுமியது. வியர்த்த முகத்தோடு ஓடிவந்து என் பக்கக் கதவைத் திறந்தாள்.

"செத்த நகருங்க, நான் ஓட்டிப் பாக்கேன்."

வீடு வரை சிரித்துக்கொண்டே ஓட்டினாள். சாவியை இன்னும் தரவில்லை. நாளை ஆபீசுக்கு இதில்தான் போவாளாம், நான் பஸ்ஸில் போக வேண்டுமாம். விடிந்ததும் பிரேக்கை ஒருதரம் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்.