பிளேன் வெட்டையில் நீங்கள் நின்ற இடம்

என் பிள்ளைகளின் வாப்பாவுக்கு,

நீங்கள் அடங்கியிருக்கிற கப்றுக்கு வெளிச்சத்தையும் விசாலத்தையும் கேட்டு, ஸலாம் சொல்லி எழுதுகிறேன். நீங்கள் மௌத்தாகி வருசம் திரும்பப் போகிறது. மகளும் பிள்ளைகளும் சுகம். கடையை மருமகன்தான் திறக்கிறார். உங்களைப் போல வாடிக்கைக்காரரை இருத்திக் கதைக்கத் தெரியாது அவருக்கு. ஆனால் துணியை அளக்கும்போது தாராளமான கை.

இதை உங்களுக்கு மட்டும் சொல்வதென்றால் தொழுகைப் பாயில் இருந்தே சொல்லியிருப்பேன். ஊரும் கேட்கட்டும் என்றுதான் எழுத்தில் வைக்கிறேன். ஏனென்று போகப் போக விளங்கும்.

எனக்கு நாகமணி அண்ணனில் பொறாமை. அது உங்களுக்கும் தெரிந்ததுதான். தம்பிலுவிலிலிருந்து வருகிற உங்கட கூட்டாளி நாகமணி. வேறொரு பெண் என்றால்கூட முகத்தைப் பார்த்துச் சண்டை பிடித்திருக்கலாம். தயிர் முட்டியோடு வந்து, "டீச்சர் சுகமா" என்று கேட்டு, காலைக் கழுவிவிட்டு விறாந்தையில் ஏறுகிற மனிசனோடு என்ன சண்டை பிடிப்பது?

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவர் இங்கே வருவார். சித்திரை வருசத்துக்கு நீங்கள் அங்கே போவீர்கள். வந்தாலும் போனாலும் கதை ஒன்றுதான், பிளேன் வெட்டை. இரண்டு கதிரையைப் போட்டு, சீமெந்துத் தரையில் விரலால் கோடு கீறிக் கீறிக் கதைப்பீர்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்தால் கதை நின்றுவிடும். என்னவென்று கேட்டால் பழைய கதை என்பீர்கள். நான் உள்ளே போனதும் சிரிப்புக் கேட்கும். என்னோடு நீங்கள் அப்படிச் சிரித்தீர்களா? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அந்த வெட்டையைப் பார்க்காத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோமாரிக்கு இந்தப் பக்கம், பொத்துவில் றோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது அது. வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோடு சண்டை பிடித்த காலத்தில், கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்த பிறகு, பற்றைக்காட்டை வெட்டி அங்கே பிளேன் ஓட்டப் பழக்குகிற இடம் ஒன்றை அமைத்தார்கள். சண்டைக்குப் போகிற பிளேன்கள் அங்கே நிற்கவில்லை. முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர் இருக்கிற சின்னப் பிளேன்கள்தான். அந்த வருசங்களில் நூல் வராமல் மருதமுனைத் தறிகள் நின்றுபோக, நெசவுக் குடும்பத்துப் பொடியனான நீங்கள் கூலி தேடிப் போனீர்கள். நாகமணி அண்ணன் கிறவல் மண் ஏற்றுகிற மாட்டு வண்டியோடு வந்தார். அங்கேதான் நீங்கள் இருவரும் கூட்டாளியானது. எனக்கு உங்களைத் தெரிவதற்கு எத்தனையோ வருசம் முந்தி.

பிறகு கல்முனை பசாரில் துணிக்கடை போட்டீர்கள். உடுக்கிற சாரம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கூடவே ஒரு கதையும் கிடைக்கும். பழக்குகிற வெள்ளைக்காரத் துரை ஒருநாள் உங்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போன கதை. திருக்கோவில் கோயிலுக்கு மேலே, அக்கரைப்பற்றுக்கு மேலே, அப்படியே கல்முனை வரைக்கும் வந்து திரும்பின கதை. மேலே இருந்து பார்த்தால் கடல் அலை ஓடாது, வெள்ளை நூலை நீட்டிப் போட்ட மாதிரி அப்படியே நிற்கும் என்பீர்கள். வயல்கள் தறியில் கிடக்கிற சாரம் மாதிரிக் கட்டம் கட்டமாய்த் தெரியும் என்பீர்கள். கேட்டவர்கள் சாரத்தை மறந்துவிட்டுப் போன நாளும் உண்டு. உங்கள் ஜனாசாவை அடக்கினவன்று பள்ளியில் பேசியவரும், ஆகாயத்தில் பறந்த நம்முடைய முதல் மனிசர் என்றுதான் சொன்னார்.

இடையில் தொண்ணூறாம் ஆண்டு வந்தது. இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் அந்த ஆண்டு என்ன நடந்ததென்று நான் எழுதத் தேவையில்லை. இங்கும் அழுதோம், அங்கும் அழுதார்கள். றோட்டு அறுந்தது. பெருநாள் வந்தது, தயிர் முட்டி வரவில்லை. இனி இந்த மனிசன் எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்தேன். நீங்களோ கதிரையைத் தம்பிலுவில் இருக்கிற தெற்குப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தீர்கள். நான் எதிரே வந்து இருந்தாலும் என்னைத் தாண்டித்தான் பார்த்தீர்கள்.

நீங்கள் போன செய்தியை மீன் வியாபாரி ஒருவர் சொல்லித்தான் அவர் அறிந்திருக்கிறார். அடுத்த நாளே சோதனைச் சாவடியெல்லாம் தாண்டி வந்துவிட்டார். நான் இத்தாவில் இருந்தேன். அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரக்கூடாத காலம். அறைச் சீலைக்குப் பின்னால் இருந்து அவருடைய குரலை மட்டும் கேட்டேன். வாய்விட்டு அழுதார். மௌத்துக்குச் சத்தமிட்டு அழக்கூடாதென்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவருக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. உங்கள் மனைவி நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க, அவர் ஆசை தீர அழுதார். அந்த அழுகையிலும் எனக்கு எரிச்சல்.

அதோடு விட்டாரா? காற்று எந்தப் பக்கமென்று காட்டுவதற்குக் கம்பத்தில் கட்டுகிற துணிப்பை ஒன்று அங்கே இருந்ததாம். மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்கு அது கிழிந்து கிழிந்து போகுமாம். நீங்கள்தான் தைத்துக் கட்டுவீர்களாம். "தைக்கக்குள்ள காசிம் பாட்டுப் படிப்பான்" என்று மருமகனிடம் சொன்னார். சீலைக்கு இந்தப் பக்கம் நான் திகைத்துப்போனேன். நீங்கள் பாடுவீர்களா? இத்தனை காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோமே, ஒரு வரி கேட்டிருப்பேனா?

இத்தா முடிந்ததும், என்னைப் பிளேன் வெட்டைக்குக் கூட்டிப் போகச் சொல்லி மருமகனிடம் கேட்டேன். அங்கே முள்ளும் மாடும்தான் இருக்கிறதென்றார். நான் விடவில்லை. அந்த இடத்தையாவது என் கண்ணால் பார்த்துவிட்டால், அவரிடம் இருக்கிற உங்களில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. ஒருநாள் காலையில் வாடகைக்கு வான் பிடித்துப் போனோம். தம்பிலுவிலில் நாகமணி அண்ணன் ஏறிக்கொண்டார். தலை முழுக்க நரைத்திருக்கிறது அவருக்கு. வழியில் மறித்த ஆமிக்காரப் பொடியனிடம் சிங்களத்தில் என்னவோ சொன்னார். அவன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, மூலையில் இருக்கிற முகாம் பக்கம் போகவேண்டாம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டான்.

விறாந்தைத் தரையில் நீங்கள் கீறின கோடெல்லாம் அங்கே உண்மையாகவே கிடக்கிறது. இரண்டு ஓடுபாதை, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. ஒன்று வாடைக் காற்றுக்கு, மற்றது கச்சான் காற்றுக்கு. காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் பிளேன் ஏறுமாம், இறங்குமாம். கிறவல் இன்னும் இறுகிக் கிடக்கிறது; மணல் புதைகிற இடங்களில் ஓட்டை ஓட்டையான இரும்புத் தட்டு விரித்திருந்தார்களாம். சண்டை முடிந்து வெள்ளைக்காரர் போன பிறகு சனம் அதைக் கழற்றிக்கொண்டு போனது. வழியில் வாய்க்கால்களுக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்ததை நானும் பார்த்தேன். பிளேன்களை ஒளித்து வைக்க லாடம் மாதிரி வளைத்துக் கட்டின மண்மேடுகளில் இப்போது ஆடு படுத்திருக்கிறது. மேல்மாடிக் காவல் வீட்டுக்குக் கூரை இல்லை, படி மட்டும் மிச்சம். களப்புத் தண்ணீர் ஓரத்தில் சுண்ணாம்பு பூசின கல்வட்டம் ஒன்று. மணல் பொட்டலத்தை மேலே இருந்து அதற்குள் போட்டுக் குண்டு எறியப் பழகுவார்களாம். அநேகமாக மாடுகளுக்குப் பக்கத்தில்தான் விழுமாம்.

நாகமணி அண்ணன் முன்னால் நடந்து நடந்து காட்டினார். ஒவ்வொரு இடத்திலும் உங்களை வைத்து வைத்துக் காட்டினார். இவடத்த இருந்து சோறு தின்பார், இவடத்த படுப்பார். எல்லாம் அவருக்குத்தான் சொந்தமா?

கம்பம் நட்ட சீமெந்துக் கட்டு மட்டும் இருக்கிறது. அதில் நின்றுகொண்டு நான் கேட்டேன், எங்கே வைத்து உங்களைப் பிளேனில் ஏற்றினார்கள் என்று. மருமகன் தூரத்தில் வான் கதவில் சாய்ந்து நிற்கிறாரா என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், ஏறினது நான்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் ஆறுதலாகச் சொன்னார். ஒருவர்தான் ஏறலாம், யார் வருகிறதென்று துரை கேட்டபோது நீங்கள் கம்பத்தின் உச்சியில் துணி மாற்றிக்கொண்டு இருந்தீர்களாம். நீங்கள் இறங்கி ஓடி வருவதற்குள் அவர் ஏறிவிட்டாராம். திரும்பி இறங்க வரும்போது ஓடுபாதையில் மாட்டு மந்தை. கிழிந்த துணிப்பையைக் கையில் பிடித்து வீசிக்கொண்டு நீங்கள் மாட்டுக்குள்ளே ஓடினீர்களாம். மந்தை கலைந்ததும் பிளேன் உங்கள் தலைக்கு மேலால் போய்த் தரையைத் தொட்டதாம்.

"பறந்தது நான்தான். என்னை உசிரோட இறக்கினது அவர்."

அடுத்த கிழமை உங்களை ஏற்றுவதாகத் துரை சொன்னாராம். அடுத்த கிழமை துரைக்கு மாற்றம் வந்துவிட்டதாம். பிறகு பிளேன்களும் போய்விட்டன.

பிறகு ஏன் பசாரில் அப்படிச் சொன்னீர்கள், அதற்கு இவர் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் சீமெந்துக் கட்டில் இருந்துகொண்டார்.

"முதல் முதல் அவர் கடையில சொல்லக்குள்ள நான் பக்கத்தில நிண்டன். என்னக் கண்டதும் முகம் செத்துப்போச்சி. நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டிட்டன். அலை ஓடாம நிக்கிறது நான் சொன்னது, டீச்சர். ஆனா அந்தச் சாரம், அது அவர் சொன்னது. என்ன விட நல்லாச் சொல்லுவார். மறுகா நான் ஆருக்கும் சொல்லயில்ல. எங்கட வீட்டுக்காரிக்கும் தெரியா."

அப்படியென்றால் உங்களுக்கும் பொறாமை இருந்திருக்கிறது. என்னைப் போலவே, அதே மனிசனில். மாட்டுக்குள்ளே ஓடினதை ஒருவருக்கும் சொல்லாமல் விடுகிற அளவுக்கு. உங்கள் பொறாமைக்கு அவர் தன்னுடைய ஆகாயத்தையே தூக்கித் தந்துவிட்டார். எனக்காக அப்படி எதையாவது விட்டுக்கொடுத்தவர் யார்? இப்படி ஒரு கூட்டாளி இருந்ததற்கே உங்களில் இன்னொரு பொறாமை எனக்கு.

ஆனால் என்னை உறுத்தினது வேறொன்று. கலியாணம் முடித்த புதிதில், பசாரில் சொல்லாத ஒரு துண்டை என்னிடம் சொன்னீர்கள். கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் சாய்ந்தமருதுக்கு மேலே பிளேன் சரிந்ததாம், கிணற்றடியில் நின்று ஒரு சின்னப் பிள்ளை கை காட்டியதாம், அது நான்தானாம். பிளேன் சத்தம் கேட்டால் கை காட்டாத பிள்ளை அந்தக் காலத்தில் இந்தக் கரையில் ஏது? நானும் காட்டினேன்தான். அதனால் நம்பினேன். அதை வைத்துக்கொண்டுதான் உங்கள் மௌனத்தையெல்லாம் பொறுத்தேன். இப்போது அந்தப் பிள்ளையைக் கண்டதும் நாகமணி அண்ணன்தானா?

வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "நாங்க கல்முனைக்குப் போகவே இல்லயே. அக்கரைப்பற்றோட திருப்பிட்டான். அங்கால உள்ளதெல்லாம் அவர் தானாப் போனது." பிறகு, "அந்தப் புள்ளைட கதை எனக்கிட்டச் சொல்லவே இல்ல. ஏன் சொல்லயில்ல?" என்றார்.

அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அது என்ன முகமென்று எனக்குத் தெரியும். இத்தனை வருசமும் தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே போகும்போது என்னிடம் இருந்த முகம். உங்களைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று முதல்தரமாக என் கையில் இருந்தது. அவரிடம் கடன் வாங்கின கதையில் ஒரு துண்டை நீங்களே நெய்து சேர்த்திருக்கிறீர்கள். அதில் நான் நிற்கிறேன். சந்தோசப்பட்டேன். அவருக்காகக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

ஊருக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். முதலில் வேண்டாமென்றார். வானில் ஏறுகிற நேரம், "எழுதினா முழுக்க எழுதுங்க, டீச்சர். அவரக் கீழ விட்டுராதீங்க" என்றார்.

முழுக்க எழுதிவிட்டேன். எங்கள் ஊர் ஆட்களே, பிளேனில் பறந்தவர் தம்பிலுவில் நாகமணி. அவரைத் தரையில் சேர்த்தவர் மருதமுனைக் காசிம். இனிமேல் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

வருகிற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறேன். பேரப்பிள்ளைகளை முன்னால் இருத்தி, அவருடைய வாயாலேயே சொல்ல வைப்பேன். மாடு கலைத்த கதையையும் அவரே சொல்லட்டும். கண்ணால் கண்டவர் அவர்தானே. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு இந்தத் தரம் அங்கேயே இருப்பேன். ஆனால் அவருடைய கதையில் பிளேன் அக்கரைப்பற்றோடு திரும்பிவிடும். அதற்கு வடக்கே, அந்தப் பிள்ளை கை காட்டின ஆகாயத்தை ஊருக்குச் சொல்லிவிட்டேன்தான், பங்கு கொடுக்கவில்லை. அவருக்கும் கொடுக்கமாட்டேன். அது உங்களுக்கும் எனக்கும். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் பிள்ளைகளின் உம்மா,
சாய்ந்தமருது.