உன் கீரைச்சாறு சிங்க்கில் போயிற்று

முரே,

மிக்சி என்னோடு காரில் வருகிறது, தேடாதே. பிரிட்ஜில் இருந்த உன் பச்சை ஸ்மூத்தியைச் சிங்க்கில் ஊற்றிவிட்டேன்.

நீ கடலுக்கு நீந்தப் போனதும் கிளினிக் நர்ஸ் ரோபின் போன் செய்தாள். "உங்க வீட்டுக்காரர் தினமும் கீரைச்சாறு குடிக்கிறாரா? ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரை சரியா வேலை செய்யலைன்னு ரத்தப் பரிசோதனையில தெரியுது. கீரை அந்த மாத்திரையை முறிச்சிடும். இன்னைக்கே வரச் சொல்லுங்க" என்றாள்.

உன் யோகா டீச்சர் சொன்னானாம், கீரை இதயத்தைக் கழுவிவிடுமாம். உன் இதயத்தில் செயற்கை வால்வை வைத்த டாக்டரைவிட அந்தத் தாடிக்காரன் பெரிய அறிவாளியா? ஆறு வாரமாக மீசையில் பச்சை ஒட்டிக்கொண்டு, என் வெண்ணெய் டோஸ்ட்டைப் பார்த்து, "நீ திங்கறது விஷம், லினெட்" என்று பாடம் நடத்தினாய். விஷம் யார் குடித்தது?

இரண்டு மணிக்கு டாக்டர். உன் அக்கா ஷெரில் காரில் கூட்டிப்போவாள், அவளிடம் எரிந்து விழாதே. மாத்திரையை நீயாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஓவன் அடுப்பில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரி இருக்கிறது, சாப்பிடு.

பி.கு. வேலையிலிருந்து நேரே கிளினிக்குக்கு வருவேன். "கொஞ்சம்தான் குடிச்சேன்" என்று நீ புளுகும்போது உண்மை சொல்ல ஆள் வேண்டும். வால்வு வைத்த அன்று ஏழு மணி நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை என்னால் முடியாது.