ஜெர்லின் பாடாத பாட்டு

திரேஸ்புரம்,
ஜூன் 12

அன்புள்ள சிவா,

நலம்தானே? ஷார்ஜா வெயிலில் குடோன் வேலை எப்படிப் போகிறது? வாய்ஸ் மெசேஜ் அனுப்பாமல் ஏன் மெயில் எழுதுகிறாய் என்று கேட்டிருந்தாய். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் கரகரப்பைக் கேட்டாலே உனக்குப் பேச்சு நின்றுபோகிறது. அதற்கு எழுதுவதே மேல்.

நம் உப்பளப் பாட்டை மறுபடியும் பாடி ஏற்றிவிட்டேன். வெளிச் சத்தம் விழாமலிருக்க பீரோவைத் திறந்து, துணிகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடினேன். அப்படியும் மீன் ஏற்றிப்போன லோடு ஆட்டோவின் சத்தம் பதிவில் கேட்கிறது. நாம் சேர்ந்து வேலை செய்கிற இந்த இலவசத் தளத்தோடு மாரடிக்க முடியவில்லை. பாதி ஏறியதும் இடமில்லை என்று நின்றுவிட்டது. கல்லூரி நாளிலிருந்து சேர்ந்து செய்து, முடிக்காமல் விட்ட பாட்டுகளை அழித்துத்தான் இடம் பண்ணினேன்.

ஒன்றே ஒன்று, திரும்பவும் கேட்கிறேன். சுருதியை இரண்டு கட்டை இறக்கு. மேலே எனக்கு எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் சரி என்கிறாய், பழைய சுருதியிலேயே கிட்டார் வாசித்து அனுப்புகிறாய். நான் எழுதுவதைப் படிக்கிறாயா, இல்லையா?

அம்மா உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
ஜெர்லின்

ஷார்ஜா,
ஜூன் 17

அன்பு ஜெர்லின்,

படிக்கிறேன் தாயே, திட்டாதே. அறையில் நாங்கள் ஆறு பேர். மிக்ஸ் பண்ண உட்கார்ந்தால் ஒருவன் டிவியைப் போடுகிறான், ஒருவன் ஊருக்குப் போன் பேசுகிறான். இதற்குள் சுருதி மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதோடு, அந்தச் சரணம் மேலே ஏறினால்தான் பாட்டு. கீழே பாடினால் யாரோ சலித்துக்கொள்வதுபோல இருக்கிறது.

நீ அனுப்பியதே போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். காசு வாங்காமல் எல்லா ஆப்களிலும் பாட்டை வெளியிடும் தளம் ஒன்று கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் வாரம் நம் பாட்டு வந்துவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்.

சிவப்பிரகாஷ்

திரேஸ்புரம்,
ஜூலை 6

சிவா,

காலையில் அம்மா போனைக் காதோடு வைத்துக்கொண்டு அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். பதறிப்போய் என்னவென்று கேட்டேன். "ஏளா, மாதா உன் தொண்டையைத் திருப்பித் தந்துட்டாளே! என்னமா பாடுத!" என்று என் கழுத்தைத் தடவினாள், தழும்பு மேலேயே.

போனை வாங்கிக் கேட்டேன், நம் உப்பளப் பாட்டு. நான் மூச்சு விடாத இடத்தில் மூச்சு. எனக்கு எட்டாத இடத்தில் அத்தனை சுலபமாக ஒரு குரல். என் குரல்தான், ஆனால் நான் பாடவில்லை. என்ன செய்தாய்?

மத்தியானத்துக்குள் கோவில் பாடகர் குழுவை நடத்துகிற சிலுவை மாஸ்டர், பாட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "திருவிழாப் பூசைக்கு நீதான் தனியாப் பாடணும். சுகமாயிட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே பிள்ள" என்றார். வாயைத் திறந்தால் என் கரகரப்பு வெளியே வந்துவிடுமே என்று தலையை மட்டும் ஆட்டினேன். என் வீட்டில், என் வாசலில், ஊமைபோல நின்றேன்.

அதை எடுத்துவிடு. இன்றைக்கே.

ஜெர்லின்

ஷார்ஜா,
ஜூலை 9

ஜெர்லின்,

என்னிடம் இருந்த உன் கல்லூரிப் பதிவுகளை, குரல் மாற்றித் தருகிற ஒரு ஏஐ தளத்தில் கொடுத்தேன். இப்போது நீ பாடியதை அந்தக் குரலில் அது பாடித் தந்தது. யாருடையதோ அல்ல, உன்னுடையது. இதில் என்ன களவு?

நினைத்தவுடன் எடுக்கவும் முடியாது, சில வாரம் ஆகும். எத்தனை வருடமாகப் பாட்டுப் போடுகிறோம்? நம் சொந்தக்காரர்களே கேட்டதில்லை. முதல் தடவையாக முகம் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள், "யார் இந்தப் பொண்ணு?" என்று. கோபப்படாமல் யோசி. இப்போதைய குரலில் வந்திருந்தால் எவன் கேட்டிருப்பான்?

சிவா

திரேஸ்புரம்,
ஜூலை 20

சிவா,

நேற்று ஒத்திகைக்குப் போனேன். மாஸ்டர் ஆர்மோனியத்தில் சுருதி கொடுத்தார். இருக்கிற குரலில் பாடினேன். மேலே போகிற இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. நிறுத்தவில்லை, கடைசிவரை பாடினேன். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "போனுல கேட்டது கம்ப்யூட்டர் பாடினது மாஸ்டர்" என்றேன். தனிப்பாட்டு இப்போது குழுவில் இருக்கிற பிளாரன்ஸுக்கு. நான் பின்வரிசையில் கீழ்க்குரல்.

ஒத்திகைக்கு அம்மாவும் வந்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "அந்தப் பாட்ட என் போன்ல இருந்து எடுத்துரு, ஏளா. நீ இங்கன இருக்கும்போது அது எதுக்கு?"

சுருதியை இறக்கி, கிட்டார் இல்லாமல், நான் பாடியதை நானே ஏற்றியிருக்கிறேன். மெட்டு உன்னுடையது என்று போட்டிருக்கிறேன். கேட்டுப் பார். நீ வெளியிட்டதை எடுத்துவிடு. என் பழைய பதிவுகளையும் அழித்துவிடு.

ஜெர்லின்

ஷார்ஜா,
ஆகஸ்ட் 8

ஜெர்லின்,

பாட்டை எடுத்தாயிற்று. நீ ஏற்றியதைக் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், முதல் சரணத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தேன். கை வரவில்லை. மன்னித்துவிடு.

சிவா

திரேஸ்புரம்,
ஆகஸ்ட் 10

அன்புள்ள சிவா,

எடுத்ததற்கு நன்றி. பதிவுகளை நீயே வைத்துக்கொள், இனி கேட்க மாட்டேன். நாம் சேர்ந்து வேலை செய்த தளத்திலிருந்து உன் பெயரை நீக்கிவிட்டேன். அடுத்த பாட்டுக்கு வாசிக்க இங்கேயே ஆள் பார்க்கிறேன், என் சுருதிக்கு.

லீவில் வந்தால் வீட்டுக்கு வா. அம்மா மீன் குழம்பு வைப்பாள். சாப்பிட்டுவிட்டுப் போ. பாட்டுப் பேச்சு மட்டும் வேண்டாம்.

ஜெர்லின்