பாட்டுக்கு முந்தின நாலு தட்டல்

முல்கா ஊற்று,
மார்ச் 9

பிரையனி மகளுக்கு,

லோர்னா எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைத் தங்கை வாசித்துக்கொண்டே வந்தாள். என் மகன் பேர் வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். கரித்துண்டை எடுத்து அதை அழித்துவிட்டேன். கோபமில்லை. நீ சிட்னிக்காரி, உனக்கு எப்படித் தெரியும். செத்தவன் பேரைச் சொன்னால், கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி வருவான். போகவேண்டிய இடத்துக்குப் போகமாட்டான். இனி அவன் குமஞ்சாயி. எங்கள் பாலைவனத்து ஜனங்களில் போனவர்களுக்கெல்லாம் அந்தப் பேர்தான்.

வண்டி கவிழ்ந்து அவன் போன நாளிலிருந்து நான் வீட்டில் இல்லை. முடியை வெட்டிவிட்டேன். ஊருக்கு வெளியே துக்கக் குடிசையில் பெண்களோடு இருக்கிறேன். அவன் திரும்பி வந்து தங்காதபடி வீட்டுக்குப் புகை போட்டு மூடியாயிற்று. அவன் நாய் மட்டும் அங்கே போய்ப் போய் வருகிறது.

உன் டிவியில் இந்தப் பையன்களின் பாட்டுக் குழுவைக் காட்டாதே. அவன் முகம் வேண்டாம். அவன் பாடின குரல் வேண்டவே வேண்டாம். 'ஓடாத வண்டி' என்று குழுவுக்குப் பேர் வைத்தான். ஓடாமலே இருந்திருக்கலாம்.

லோர்னா

*

சிட்னி,
மார்ச் 20

அன்புள்ள லோர்னா அம்மாவுக்கு,

என்னை மன்னியுங்கள். இனி அந்தப் பேரை எழுதமாட்டேன்.

நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் மற்ற மூன்று பையன்களும் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்கள் நிகழ்ச்சியில் வாரம் ஒரு புதுக் குழுவைக் காட்டுகிறோம். இந்த வருடம் விட்டால், அடுத்த வருடம் வேறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். 'ஓடாத வண்டி'யை யாரும் தேடி வரமாட்டார்கள்.

குமஞ்சாயியின் முகம், குரல், பேர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மூன்று பேர் வாசிக்கும் மெட்டு மட்டும் இருக்கிறது. சிடி அனுப்புகிறேன். பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
பிரையனி

*

முல்கா ஊற்று,
ஏப்ரல் 6

பிரையனி மகளுக்கு,

பள்ளிக்கூடத்தில் போட்டுப் பார்த்தோம். என் அண்ணன் ஜங்காலாவும் வந்தான். தாய்மாமன் சொல்லாமல் எதுவும் நடக்காது.

முகம் இல்லை, சரி. ஆனால் பேஸ் கிட்டார் வாசிக்கிறானே, தங்கை மகன், அவனுக்குக் கீழே பேர் போட்டிருந்தாய். அவனுக்கும் அதே பேர்தான், தெரியாதா உனக்கு? எழுத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே ஓடினேன். பெண்கள் ஒப்பாரி வைத்துவிட்டார்கள். இப்போது அவனையும் நாங்கள் குமஞ்சாயி என்றுதான் கூப்பிடுகிறோம். "நல்லா இருக்கு பெரியம்மா! செத்தது அவன், பேரு போனது எனக்கா?" என்றான் அந்தப் படவா. மகன் போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

இன்னொன்று. பாட்டுக்கு முன்னால் என் மகன் மோதிரக் கையால் மைக் கம்பத்தில் நாலு தட்டுத் தட்டுவானே, அது அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டதும் என்னோடு வந்திருந்த நாய் எழுந்து கதவுக்குப் போய் நின்றது.

"இது அவனா, அவன் இல்லையா?" என்று ஜங்காலா கேட்டான்.

லோர்னா

*

சிட்னி,
ஏப்ரல் 15

அன்புள்ள லோர்னா அம்மாவுக்கு,

உயிரோடிருக்கும் பையன்தானே என்று நினைத்துவிட்டேன். தப்பு. மாற்றிவிட்டேன்.

தட்டலை வெட்டிப் பார்த்தேன். பாட்டு எங்கிருந்து தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பையன்களைத் தட்டல் இல்லாமல் மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஆளுக்கொரு நேரத்தில் ஆரம்பித்தார்கள். பிறகு நிறுத்திவிட்டு அந்த மைக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தட்டல் இருக்கலாமா? கூடாதென்றால் நிகழ்ச்சியையே நிறுத்திவிடுகிறேன். ஃபோன் பண்ணுங்கள்.

பிரையனி

*

முல்கா ஊற்று,
மே 1

பிரையனி மகளுக்கு,

அண்ணன் ஃபோனில் "தட்டல் இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டான். ஏன் என்று நீ கேட்டாயாம். சொல்லச் சொன்னது நான்தான்.

"பேரு அவனோடது. மொகம் அவனோடது. கொரலும் அவனோடது. அந்தத் தட்டல் யாருக்குண்ணே? மத்தப் பசங்க ஒண்ணா ஆரம்பிக்கணும்னுதானே தட்டினான்? அது அவங்களோடது" என்றேன்.

விரலால் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தான். "அவன் வந்துட்டான்னா?"

"வந்தா நான் பாத்துக்கறேன்."

நேற்று டிவியில் போட்டார்கள். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குள்ளே. நான் வெளியே சுவரோரம், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் நாய்.

நாலு தட்டல் கேட்டது. நாய் எழுந்தது. இந்தத் தடவை கதவுக்குப் போகவில்லை மகளே. எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தது. வாலை ஆட்டியது.

நான் திரும்பவில்லை. நாயின் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே டிவியில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தார்கள்.

"அவங்க ஆரம்பிச்சுட்டாங்கய்யா. நீ போ" என்றேன்.

நாயிடம் சொல்லவில்லை.

லோர்னா