உன் முகத்தைச் சுவரிலிருந்து சுரண்டிய மதியம்

என் அன்பு அக்கா,

நீ இறந்துபோன செய்தி வந்து ஐந்து வாரம் ஆகிறது. உனக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: உன் தங்கை பத்திரமாக இருக்கிறாள். இன்றைக்கு வரைக்கும்.

இந்தக் கடிதத்தில் உன் பெயரை எழுதவில்லை. உன் நாட்டின் பெயரையும் எழுதவில்லை. உன் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார், வேண்டாம் என்று உன் தங்கை கேட்டுக்கொண்டாள். இதை அச்சில் படிப்பவர்களுக்காக இவ்வளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். கடல் கடந்து சென்னைக்குப் படிக்க வந்து, மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு மேலே, தகரக்கூரை போட்ட அறையில் மூன்று வருடம் இருந்தவள் நீ. ஆட்டோ ஓட்டும் என் அப்பா மணியை நீ நைனா என்றுதான் கூப்பிடுவாய். உனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது எங்கள் ஆட்டோ ஸ்டாண்ட்.

"இன்னா நைனா, காலைலருந்து ஒரு சவாரி கூட கெடைக்கலியா? மூஞ்சி ஏன் இப்படி கீது?" என்று நீ கேட்டால் ஸ்டாண்டே சிரிக்கும். "மணி, உன் ஃபாரின் பொண்ணு நம்மள ஓட்டுதுடா" என்பார்கள். நான் உன் பின்னால் ஒதுங்கி நிற்பேன். பிறந்த ஊரிலேயே எனக்கு வாய் வராது. வந்த ஊரில் உனக்கு எப்படி வந்தது?

அந்த வாய்தான் உன் நாட்டை ஆள்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. திரும்பிப் போனாய், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாய், தேர்தலில் எதிர்க்கட்சிக்காக வீடு வீடாகப் போய்ப் பேசினாய். அதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்து மாதம் வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, இதயம் நின்றுவிட்டது என்று சொல்லி உன் துணிப்பையைக் கொடுத்தார்கள். உடலைக் கொடுக்கவில்லை. எந்த நாள் என்றுகூடச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வயதில் இதயம் தானாக நிற்குமா அக்கா?

அப்பாவால் தாங்க முடியவில்லை. "நம்ம வூட்ல சோறு துன்ன புள்ள. செத்ததுக்கு ஒரு போஸ்டர் கூட ஒட்டலன்னா நாம இன்னா மனுசங்க?" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். நான் தி.நகரில் வேலையில் இருந்த ஒரு நாள், ஸ்டாண்டில் எல்லோரும் சேர்ந்து அச்சடித்து ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் ரயில் நிலையத்துச் சுவரில் அதைப் பார்த்தேன். மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில், நம் மொட்டைமாடியில் எடுத்த உன் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தோற்றம் என்பதற்குக் கீழே உன் பிறந்தநாள். மறைவு என்பதற்குக் கீழே, எங்களுக்குச் செய்தி வந்த நாள். பாவம், வேறு எதைப் போடுவார்? அதற்கும் கீழே, 'ஆறாத் துயரில் வாடும்' என்று தொடங்கி வரிசையாகப் பெயர்கள். முதல் பெயர் உன் தங்கையுடையது. பக்கத்தில் அவள் படம், எம்.ஏ. முதலாம் ஆண்டு, அவள் கல்லூரியின் பெயர். வீட்டில் படித்த பெண்கள் இருப்பது அப்பாவுக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். பி.ஏ. போட்டு என் பெயர் இரண்டாவது.

நீ சிறைக்குப் போனதும் உன் தங்கையை அம்மா இங்கே அனுப்பியது எதற்காக? உன்னோடு பிடிபட்டவர்களின் தம்பி தங்கைகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை என்பதற்காகத்தானே? அவள் இங்கே இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று அப்பாவிடம் நாங்கள் சொல்லவே இல்லை. மந்தைவெளியில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். தப்பு என்னுடையது.

ஒரு பக்கெட் தண்ணீரும் தோசைத்திருப்பியும் எடுத்துக்கொண்டு போனேன். மதிய வெயிலில் பசை காய்ந்து இறுகியிருந்தது. முதலில் உன் தங்கையின் பெயரைச் சுரண்டினேன். பிறகு அவள் படம். உன் முகத்துக்கு வரும்போது கை நின்றுவிட்டது. இளநீர் விற்கிற அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாமா, நேத்து தான ஒட்னாங்கோ? அதுக்குள்ள கிழிக்கிற? சொத்து சண்டையா?"

தோசைத்திருப்பியை நனைத்து, உன் முகத்தையும் சுரண்டினேன்.

"எதுவா இருந்தாலும் செத்தவங்க மேல கோவம் ஆவாதுமா" என்றார். அவர்கள் ஒட்டியிருந்த எட்டுச் சுவர்களிலும் சுரண்டிவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பாசத்துல போட்டேன்மா. ஒரு அஞ்சலி போஸ்டருக்கு பயப்படுற கவர்மென்ட் இருக்கும்னு நான் இன்னாத்த கண்டேன்?"

அதற்குள் ஸ்டாண்டில் யாரோ அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். அது எத்தனை கை மாறியதோ தெரியாது. பத்து நாள் கழித்து, அங்கே அம்மாவின் வீட்டுக்கு ஒரு அதிகாரி வந்து செல்பேசியை நீட்டினாராம். அதில் நம் சுவர். என்ன எழுதியிருக்கிறது என்று, தெரியாதவர்போல் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு எழுத்து புரியவில்லை. இரண்டு மகள்களும் ஒரே காகிதத்தில் இருப்பது மட்டும் புரிந்தது. "சின்னவளும் நன்றாகப் படிக்கிறாள் போல. சீக்கிரம் ஊருக்கு வரட்டும்" என்று அந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்றிலிருந்து வாசலில் பைக் நின்றால் எழுந்து பார்க்கிறேன். உன் தங்கையை வேறு இடத்தில் தங்க வைத்திருக்கிறோம். அவள் பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது. இங்கே புதுப்பிக்க முடியாது, ஊருக்கு வந்து வாங்கிக்கொள் என்று உங்கள் தூதரகம் சொல்லிவிட்டது. போனால் திரும்பி வருவாளா? உன்னைப் போலவே, ஒரு துணிப்பை மட்டும் வருமா?

முதலில் ஒளித்துவைப்பதுதான் வழி என்று நினைத்தேன். இப்போது யோசிக்கிறேன். அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரியாதது இங்கே இருப்பவர்களுக்குத்தான். யாருக்கும் தெரியாத ஒருத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது. அதனால்தான் பயந்துகொண்டே இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

பயந்துகொண்டே இதையும் எழுதுகிறேன். உன் நாட்டு அரசு செய்வது கொலை. தன்னை எதிர்த்து ஓட்டுக் கேட்டவளைச் சிறையில் போட்டு, சாகவிட்டு, இறந்த நாளைக்கூட மறைத்து, துக்கம் கேட்டவர்களின் பெயரைக் குறித்துக்கொள்கிற அரசு அது. அது உள்நாட்டு விவகாரம், நமக்கு எதற்கு என்று என் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எங்கள் தட்டில் சாப்பிட்டவள் எப்படி அக்கா வெளிநாட்டு விவகாரம் ஆவாள்?

திங்கட்கிழமை, பாஸ்போர்ட் இல்லாமல் இங்கேயே தங்க அனுமதி கேட்டு, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் அவள் மனு கொடுக்க வேண்டும். வாசலில் ஆட்டோவோடு அப்பா இருப்பார். உள்ளே அவளோடு நான் போகிறேன். அங்கே என் குரல் நடுங்கும், தெரியும். நடுங்கினாலும் பேசுவேன். ஒரு முறை மறுத்தால் மறுபடி போவேன். உங்கள் ஊருக்குப் போகும் விமானத்தில் அவளை ஏற விடமாட்டேன். இந்தப் பெண் உனக்கு யார் என்று கேட்டால், கூடப்பிறந்தவள் என்று சொல்வேன்.

உனக்கு அடுத்தவள், அவளுக்கு மூத்தவள்,
தேவி