கேசட்டில் நீங்கள் விட்டுப்போன இடைவெளி

அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் மகள் தகரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட விழாவில் ஆடுவதற்குப் பாட்டுப் பதிய வேண்டுமாம். அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் காட்டி, "அப்பா, இது காலிங்களா? மேல ஒண்ணுமே எழுதல" என்றாள். கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்துவிட்டாள்.

உங்கள் கடை வாசனை வந்தது. ஈயம் உருகிப் புகையும்போது வருமே, அந்த வாசனை. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ரேடியோ ரிப்பேர் கடையில் இப்போது வளையல் விற்கிறார்கள். வாசனை மட்டும் ஐந்து வருஷமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நான் கேசட்டைப் பிடுங்கிய வேகத்தில் பிள்ளை பயந்துவிட்டது. உள்ளேயிருந்து உங்கள் துண்டுச் சீட்டு கீழே விழுந்தது. பென்சில் எழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று கேள்விகள். அதற்குக் கீழே நான்கு என்று எண் மட்டும். எதிரே ஒன்றும் இல்லை.

அந்த நான்காவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது. எழுத்து முன்னே பின்னே இருந்தால் நீங்கள் வழக்கமாகச் சிரிப்பதுபோலச் சிரித்துக்கொள்ளுங்கள்.

தக்காளி மண்டியில் கூடை எடை போடுவதும், எந்த ஊர் டிராக்டர் வந்தது, யார் வண்டியை நகர்த்த வேண்டும் என்று மைக்கில் கத்துவதும் என் வேலை. மைக்செட் உங்களுடையது. கூடைகள் இறங்கி முடிந்து வியாபாரிகள் வந்து ஏலம் தொடங்குவதற்குள் அரைமணி நேரம் சும்மா போகும். அந்த அரைமணிக்காகத்தானே நீங்கள் அந்தக் கூத்தை ஆரம்பித்தீர்கள்? முதல் பஸ்ஸில் வரும் பேப்பர், பெங்களூர் வண்டியில் வரும் இங்கிலீஷ் பேப்பர் எல்லாவற்றையும் காலையில் படித்துவிட்டு, உலகத்தில் என்னென்ன மிஷின் புதிதாக வந்திருக்கிறது என்று தினமும் பத்து நிமிஷம். "வணக்கமுங்க! தக்காளிக்கு முந்தித் தகவலு!" என்று கம்பத்து ஹாரனில் உங்கள் குரல் வந்தால் கூடைமேல் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான்.

ஆனால் நீங்கள் பேசவில்லை. பேசியது கேசட். உங்களுக்கு வாய் திக்கும். நான்கு பேர் எதிரே நின்றால் பேரைச் சொல்லவே நெற்றி வேர்த்துவிடும். கடைக்குள் தனியாக, டேப் ரிக்கார்டர் எதிரே உட்கார்ந்தால் மட்டும் வார்த்தை வந்தது. திக்கினால் நிறுத்திவிட்டு, அந்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடியும் பதிவீர்கள். பத்து நிமிஷத்துக்கு இரண்டு மணி நேரம். அதைக் கொண்டுவந்து மண்டியில் போட்டுவிட்டு ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் கைகட்டி நிற்பீர்கள். வாய் மூடியிருக்கும். மேலே உங்கள் குரல் பேசிக்கொண்டிருக்கும். நகைச்சுவை வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே உங்கள் உதடு சிரித்துவிடும்.

கர்நாடக எல்லைப் பக்கமிருந்து புதிதாக வந்த ஒரு விவசாயி, "யாரு மாதாடோது?" என்று என்னைக் கேட்டார். பேசுவது யார் என்று. நான் உங்களைக் காட்டினேன். அவர் உங்கள் மூடிய வாயைப் பார்த்தார், ஹாரனைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார். அன்றைக்கு அவர் தன் கூடைகளை அந்தக் கோடியில் கொண்டுபோய் இறக்கிக்கொண்டார். நாம் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது அவர் செய்தது அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை.

அந்தக் கூத்தில் எனக்கும் ஒரு வேஷம் கொடுத்தீர்கள். முட்டாள் வேஷம். ஒத்திகை தேவைப்படவில்லை. நான் கேட்க வேண்டிய கேள்வியைச் சீட்டில் எழுதித் தருவீர்கள். கேசட்டில் என் கேள்விக்கு இடம் விட்டிருப்பீர்கள். குரல் நின்றதும் நான் மைக்கில் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் மேலேயிருந்து பதில் வரும். ஜப்பானில் உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டி வந்திருக்கிறது, அதில் ஒரு பொம்மை ஓடி ஓடி மேலேயிருந்து விழும் முட்டையைப் பிடிக்கிறது என்றீர்களே, அந்த நாள் நினைவிருக்கிறதா?

"அந்தப் பொம்ம முட்டய உட்டுட்டா என்னங்கண்ணா ஆகும்?" என்று கேட்டேன்.

"மூணு வாட்டி உட்டா ஆட்டம் முடிஞ்சுதுங்க. நம்ம அந்தோணி கூடய எறக்கறப்ப உட்டதயெல்லாம் பாத்தா, அவனுக்கு ஆட்டம் முடிஞ்சு ஆறு வருசம் ஆச்சு!"

மண்டியே சிரித்தது. அப்போதுதான் ஒரு கூடையைக் கீழே போட்டிருந்தேன். காலையில் பதிந்த குரலுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டபோது, "த-த-தினமும் ஒண்ணு போடறியே" என்று நேரில் திக்கிச் சொன்னீர்கள். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தீர்கள்.

அந்தக் கடைசி நாள் காலை, நீங்கள் கேசட்டை மெஷினில் போட்டு, சீட்டை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒரு வீட்டுக்கு டி.வி. ஆன்டெனா நடப் போனீர்கள். "நா-நான் வரலன்னா நீயே ப-பட்டன அமுக்கு" என்றீர்கள். சீட்டைப் பார்த்து, "என்னங்கண்ணா, நாலாவது கேள்விய எழுத மறந்துட்டீங்க?" என்று கேட்டேன். சைக்கிளில் ஏறியவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினீர்கள்.

நீங்கள் வரவில்லை. ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் நீங்கள் நிற்கும் இடம் வெறுமையாக இருக்க, நானே பட்டனை அமுக்கினேன். அந்த நேரத்துக்கு முன்பே, நீங்கள் நட்டுக்கொண்டிருந்த இரும்புக் குழாய், மேலே போன கரண்டுக் கம்பியில் சாய்ந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நான் பட்டனை அமுக்கியபோது உங்கள் உயிர் போய் அரைமணி ஆகியிருந்தது.

குரலில் ஒரு குறையும் இல்லை. "டி.வி.ப் பொட்டி வந்தாச்சுங்க, படந்தான் வரல. உப்புத் தூவுன மாதிரி வருது. ஆன்டெனா எவ்ளோ உசரம் போவுதோ அவ்ளோ தெளிவு. இன்னிக்குக்கூட ஒரு வூட்டுக்கு முப்பதடிக் கொழாய் நடப் போறேன்" என்றது. அடுத்தது கணக்குப் போடும் கைக்கடிகாரம். அதற்கு நான் கேட்டதும் நீங்கள் சொன்னதும் இன்றைக்கு நினைவில் இல்லை. மூன்றாவது செய்தி கம்ப்யூட்டர். வெளிநாட்டில் ஒரு ஊர்க் கம்ப்யூட்டரும் இன்னொரு ஊர்க் கம்ப்யூட்டரும் டெலிபோன் கம்பி வழியாகப் பேசிக்கொள்கின்றன, அந்தப் பக்கம் ஆளே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, கேட்டால் பதில் வரும் என்றீர்கள்.

நான் சீட்டைப் பார்த்துக் கேட்டேன். "ஆளே இல்லாத எடத்துல யாருங்கண்ணா பதில் சொல்றது?"

"முன்னாடியே ஒருத்தன் சொல்லி வெச்சிட்டுப் போயிருப்பான், அந்தோணி."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் டீக்கடைக்காரர் கூடைகளைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தார். என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யோவ் அந்தோணி, நிறுத்துய்யா அத! நிறுத்துய்யா! மனுசன் போயிட்டாருய்யா... கரண்டு புடிச்சிருச்சி..."

மைக் என் கையில் இருந்தது. அவர் சொன்னது அத்தனையும் ஹாரனில் போனது. மண்டி அடங்கிவிட்டது. எல்லோரும் தலையைத் தூக்கி ஹாரனைப் பார்த்தார்கள். அது பேசிக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு ஒரு மாத்தம் பண்ணலாமா? தினமும் நீ கேக்கற, நான் சொல்றேன். இன்னிக்கு நான் கேக்கறேன், நீ சொல்லு அந்தோணி. நாளைக்கு நான் கேசட்டு கொண்டாரப் போறதில்ல. மைக்கப் புடிச்சி என் வாயாலயே பேசலாம்னு இருக்கேன். திக்கும். சிரிக்கறவங்க சிரிக்கட்டும். நீ பக்கத்துல நிக்கறியா?"

குரல் நின்றது. என் இடம் அது. சீட்டில் எண் மட்டும் போட்டு விட்டிருந்த இடம்.

அந்த மண்டியில் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். சிலர் ஹாரனிலிருந்து பார்வையை இறக்கி என்னைப் பார்த்தார்கள், நான் சொல்வேன் என்று. தினமும் வாய் ஓயாமல் கத்துகிறவன் நான். ஒரு சொல். "நிக்கறேன்" என்ற ஒரே ஒரு சொல். வரவில்லை. உங்களுக்கு வார்த்தை அடைக்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அமைதி முடிந்து நீங்கள் மறுபடி பேசிவிடுவீர்களோ என்று பயம் வந்தது. வயரைப் பிடுங்கிவிட்டேன்.

அந்த இடத்திலேயே கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு போட்டுக் கேட்கவில்லை. தினமும் ஒரே கேசட்டில்தான் நேற்றையதை அழித்து இன்றையதைப் பதிவீர்கள் என்பதால் உங்கள் குரலென்று வேறு எதுவும் மிஞ்சவில்லை. உங்கள் வீட்டு அக்கா கேட்டபோதுகூட, "எங்கியோ தவறிப்போச்சுங்கக்கா" என்று பொய் சொன்னேன். நான் பதில் சொல்லாமல் விட்ட பிறகு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஐந்து வருஷமாக அதுதான் பயம். "நிப்பேன்னு தெரியும்" என்று சொல்லியிருந்தால் நான் உங்களைப் பொய்யாக்கிவிட்டேன். "நீ நிக்க மாட்ட" என்று சொல்லியிருந்தால் அது உண்மையாகிவிட்டது.

மகள் விடவில்லை. "காலி இல்லன்னா அதுல என்னதாங்கப்பா இருக்குது?" என்று நின்றாள். அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பட்டப்பகலில், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு கேசட்டை முதலிலிருந்து போட்டேன். வீரம் எனக்கு அவ்வளவுதான்.

மண்டிச் சத்தத்திலும் ஹாரன் இரைச்சலிலும் தெரியாத ஒன்று வீட்டில் தெரிந்தது அண்ணா. நீங்கள் விட்ட இடைவெளிகள் காலியாக இல்லை. டொக், டொக் என்று ஒரு சத்தம். என் கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பென்சிலால் மேசையில் தட்டி அளந்திருக்கிறீர்கள். ஏழு தட்டு. பிறகு பதில். மறுபடி ஏழு தட்டு. தட்டுக்கு நடுவே நீங்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. நான் பேசுவதற்காக நீங்கள் காத்திருப்பது கேட்கிறது. இத்தனை நாளும் அதன்மேல்தான் நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்காவது வந்தது. "நீ பக்கத்துல நிக்கறியா?"

ஏழு தட்டு போனது. எட்டு. ஒன்பது. நிற்கவில்லை. பதினைந்து வரை எண்ணினேன். பென்சில் நின்றது. அப்புறம் நீங்கள் சிரித்தீர்கள், வாயை மூடிக்கொண்டு சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்பு.

"யோசிக்கறான். யோசிக்கட்டுங்க. அவனுக்கு இந்த மாதிரி நேரத்துல வார்த்த வராது, எனக்குத் தெரியும். ந-ந-நாளைக்குச் சொல்லட்டும்."

அந்தத் திக்கலை நீங்கள் அழிக்கவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அழித்துத் திருத்துகிறவர், அதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். கம்பத்து ஹாரனில் எல்லோரும் கேட்கட்டும் என்று விட்டது. நான் வயரைப் பிடுங்கியதால் யாரும் கேட்கவில்லை.

டேப்பைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டேன். இந்த முறை தயாராக இருந்தேன். நீங்கள் கேட்டு முடித்ததும், முதல் தட்டுக்கு முன்பே, "நிக்கறேங்கண்ணா" என்றேன். நன்றாக, சத்தமாக. டொக், டொக், டொக். பதினைந்து தட்டும் தட்டிவிட்டு, "யோசிக்கறான்" என்றீர்கள். மறுபடி சுற்றினேன். மறுபடி சொன்னேன். "யோசிக்கறான். யோசிக்கட்டுங்க." வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறேன், வாத்தியார் காதில் விழவில்லை.

எத்தனை தடவை சொன்னேனோ, மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "யாருகிட்டப்பா பேசிட்டிருக்கீங்க?" என்றாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் ஒரு முறை கேட்டாள். நான்காவது இடைவெளியில் விரல் மடக்கி எண்ணினாள்.

"பதினாறுங்கப்பா."

"பதினஞ்சு, கண்ணு. நான் நாலு வாட்டி எண்ணிட்டேன்."

"இல்லீங்கப்பா, பதினாறு. கடைசி ஒண்ணு மெதுவா இருக்குது."

கூடை எண்ணுவதில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், அதனால் அவள் சொன்னதையே ஒத்துக்கொண்டேன். மறுபடி போட்டு எண்ணிப் பார்க்கவில்லை. பதினேழு வந்துவிட்டால் என்ன செய்வது?

பாட்டுக்கு வேறு கேசட் இரவல் வாங்கிக்கொண்டாள். இதை இந்தக் கடிதத்தோடு உங்கள் வீட்டில் கொடுத்து, ஐந்து வருஷப் பொய்யையும் சொல்லிவிடப் போகிறேன். அக்கா திட்டட்டும். உங்கள் குரல் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

மண்டியில் இன்னும் நான்தான் மைக்கில் கத்துகிறேன். புது மைக்செட், புதுக் கம்பம். நேற்று ஏலக்காரர் கேட்டார். "ஏய்யா அந்தோணி, நடுவுல நின்னு பேசுனா என்ன? எப்பப் பாத்தாலும் அரையடி தள்ளியே நிக்கற. பக்கத்துல யாருய்யா நிக்கறாங்க?"

மைக் கையில்தான் இருந்தது அண்ணா. உடனே வார்த்தை வரவில்லை. அவர் காத்திருந்தார். யோசிக்கிறான் என்று நினைத்திருப்பார்.