பழகிவிட்டதாம் மாமாவுக்கு

ஆவணி 14, ஞாயிறு, இரவு பத்தேகால். அம்மாவின் தம்பியை மூன்று குத்து குத்தினேன்.

பனைமரத்துக் கதண்டுக் குளவிக் கூட்டைக் கொளுத்தத் தீப்பந்தத்தோடு கிளம்பினார். போன வருடம் ஒரே கதண்டு கொட்டி, தொண்டை அடைத்துச் சாகக் கிடந்தவர்.

“ஒருதடவ கொட்டிருச்சுல்ல, ஒடம்புக்குப் பழகிருச்சு மாப்ள.”

“பழகல மாமா. அந்த வெசத்த எதிரின்னு ஒடம்பு ஞாபகம் வச்சிருக்கு. மறுபடி கொட்டுனா, அத அடிக்கிறேன்னு ஒங்களயே கொன்னுரும்.”

“லேப்ல ரத்தம் எடுக்குறவன் டாக்டராயிட்டான்டி!” என்று அத்தையிடம் சிரித்தார்.

பந்தத்தைப் பிடுங்கினேன். நெஞ்சில் உதைத்தார். கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து குத்தினேன். அவர் உதடு கிழிந்தது. பந்தம் அணையும்வரை நான் எழவில்லை.

“இனிமே இங்கிட்டு வராத” என்றார்.

காலையில்:
1. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து கூட்டை அழிக்கச் சொல்ல வேண்டும்.
2. மாமாவை அலர்ஜி டாக்டரிடம் இழுத்துப் போக வேண்டும்.
3. மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் மறுபடி பந்தத்தைத் தூக்குவார்.